கூடுவிட்டுக் கூடு பாயும் பொறிகள்

கூடுவிட்டுக் கூடு பாய்தல் சித்தர்களுக்கே கைவந்த வித்தையெனத் தமிழ் மரபு கூறும். ஓருயிர் தன்னுடலை நீத்து மற்றோருடலினுட் புகுந்து, காண்போர் எவரும் ஐயுறாவண்ணம் நடமாடும் என்பது அவ்வித்தையின் சிறப்பு. இன்று அவ்வித்தை பழங்கடிகாரச் சந்தையிலே நிகழ்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செய்யப்பட்ட, சாவியால் முறுக்கப்படும் பைக்கடிகாரம் ஒன்று ஓடாது நின்றுவிட்டால், அதன் பழுதைக் கண்டு திருத்துவதற்குப் பதிலாக, வேறொரு கடிகாரத்தின் உட்பொறியைக் கழற்றியெடுத்து இதன் கூட்டினுள் இருத்திவிடுகின்றனர். கடிகாரம் ஓடுகின்றது, உடையவர் மகிழ்கின்றார், விற்பவர் ‘திருத்தப்பட்டது’ எனச் சீட்டெழுதுகின்றார். சேகரிப்போரும் வணிகரும் மாற்றுப்பொறி தேடி அலைவது இன்று குறையாகக் கருதப்படுவதில்லை, திறமையாகவே மதிக்கப்படுகின்றது.

இச்செயல் திருத்தம் என்னும் பெயருக்கு உரியதன்று. இரண்டு கடிகாரங்களை அழித்து, முன்னொருபோதும் இருந்திராத மூன்றாவதொன்றை ஆக்கி, அதற்குப் பழமை என்னும் மதிப்பைச் சூட்டும் செயல் இது. இதனைத் தனியொருவரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் பழம்பொருள் ஒவ்வொன்றும் வரலாற்றுச் சான்று எனக் கொள்வோர்க்கு அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. சான்றைத் திரித்தல், திரித்தவன் நல்லெண்ணம் உடையவனாயினும், திரித்தலேயாம்.

முதலிலே இப்பொருளின் இயல்பை நோக்குதல் வேண்டும். பிற்காலக் கடிகாரங்களை மேலுள்ள குமிழைத் திருகி முறுக்கலாம். அவற்றுக்கு முற்பட்ட பைக்கடிகாரங்களிலே அக்குமிழ் இல்லை. கூட்டின் பின்மூடியைத் திறந்து, அங்குள்ள சிறு துளையினூடே சதுர முனையொன்றிற் சாவியை மாட்டி முறுக்குவர். நேரம் பிழைப்பின், முட்களைத் திருத்துவதற்கும் அச்சாவியே வேண்டும். 1840களிலே அட்ரியன் பிலிப் என்னும் பிரெஞ்சுக் கைவினைஞர் சாவியில்லா முறையைச் செம்மைப்படுத்திய பின்னரும், இங்கிலாந்திலே சாவிக் கடிகாரங்கள் அந்நூற்றாண்டின் பிற்பகுதி வரை தொடர்ந்து செய்யப்பட்டன.

இவ்வாங்கிலக் கடிகாரத்தின் உள்ளே முறுக்கப்பட்ட சுருள்வில் ஒன்று உண்டு. முறுக்கிய தொடக்கத்தில் வில்லின் இழுவை மிகுதியாகவும், தளரத் தளரக் குறைவாகவும் இருக்குமாதலின், அதனைச் சமன்செய்யக் கூம்பு வடிவான உருளையொன்றை அமைத்தனர். பியூசி எனப்படும் இவ்வுருளையையும் வில்லடங்கிய பேழையையும் நூலினும் சற்றே தடித்த சங்கிலி ஒன்று இணைக்கும். வில் வலிமையோடு இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கத்தையும், வில் தளர்ந்தபோது அகன்ற பக்கத்தையும் பற்றி இழுக்கும். ஆகவே சக்கரங்களைச் சேரும் விசை ஏறத்தாழ ஒரே அளவினதாகும். இவ்வமைப்பு முழுவதும் இரு பித்தளைத் தகடுகளுக்கிடையே அடங்கும். அதுவே உட்பொறி. அதனைப் பொதிந்து நிற்கும் வெள்ளி அல்லது பொன் உறை கூடு எனப்படும்.

ஈழத்துப் பேச்சு வழக்கிலே கடிகாரத்தை மணிக்கூடு என்பர். கூடு கண்ணுக்குத் தெரிவது, பொறி தெரியாதது. சந்தையும் அவ்வாறே நோக்குகின்றது. கூட்டின் உலோகத்துக்கு நிறை உண்டு, விலை உண்டு. பொறியோ ஓடினால் நன்று, ஓடாவிடின் வேறொன்று என்ற அளவிலேயே மதிக்கப்படுகின்றது. மாற்றுப்பொறி தேடுவோரின் தவறு முழுவதற்கும் இந்நோக்கே வேராகும்.

ஆங்கிலச் சாவிக் கடிகாரம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தோர் இந்நோக்கினை ஏற்கமாட்டார். அது ஒருவரின் கைவேலையன்று. ஒரு தொழிற்சாலையின் உற்பத்தியுமன்று. லங்காஷயரிலே பிறெஸ்கொற் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பகுதிகளில், வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இருந்த தொழிலாளர் தகடுகளையும் சக்கரங்களையும் கொண்ட முற்றுப்பெறாப் பொறிகளைச் செய்தனர். அவை லிவர்ப்பூலுக்கும், கொவென்றிக்கும், இலண்டனின் கிளாக்கன்வெல் பகுதிக்கும் சென்று, அங்கே வெவ்வேறு கைகளால் முற்றுவிக்கப்பட்டன. கல் பதிப்பவர் ஒருவர், முகப்புக்கு எனாமல் பூசுபவர் ஒருவர், முட்களைச் செய்பவர் ஒருவர், முலாமிடுபவர் ஒருவர், கூடு செய்பவர் ஒருவர். பியூசிச் சங்கிலிகள் தெற்கே கிறைஸ்ட்சேர்ச் என்னும் ஊரிலிருந்து வந்தன. 1790ஆம் ஆண்டளவில் றொபேட் ஹாவி கொக்ஸ் என்பவர் அங்கு தொடங்கிய சங்கிலித் தொழிலிலே பெண்களும், வறியோர் விடுதியைச் சேர்ந்த சிறுமியரும் வேலை செய்தனர். உருப்பெருக்கியின்றிக் காண்பதற்கரிய இணைப்புக்களை ஒவ்வொன்றாகத் தறைந்து சேர்த்தவை அக்கைகளே.

இத்தனை பேருள் எவரது பெயரும் கடிகாரத்தின் மேற்றகட்டிலே இல்லை. அங்கு பொறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் விற்ற வணிகரின் பெயர். ஆயினும் முகப்பைக் கழற்றிப் பார்ப்பின், கீழ்த்தகட்டிலே பிறெஸ்கொற் தொழிலாளி ஒருவரின் பெயரெழுத்துக்கள் சிறு முத்திரையாக அழுத்தப்பட்டிருத்தலைப் பல கடிகாரங்களிற் காணலாம். கூட்டின் உட்புறத்திலே கூடு செய்தவரின் முத்திரையும், தரச்சோதனை அலுவலகத்தின் அடையாளமும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். பின்வந்த திருத்துநர் கூட்டினுள்ளே ஊசிமுனையாற் கீறிவைத்த குறிகளும் உண்டு. உழைத்தோரின் வரலாறு வேறெங்கும் எழுதப்படாத நிலையில், அவ்வரலாற்றின் ஏடு இதுவே. பொறியும் கூடும் சேர்ந்திருக்கும்வரையே அவ்வேடு முழுமையாகப் படிக்கத்தக்கது.

இது வெறும் உணர்ச்சியுரையன்று. ஆங்கில உட்பொறிகளிலே செய்த ஆண்டு பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லை. தொடரிலக்கம் மட்டுமே இருக்கும். ஆண்டை அறிவிப்பது கூட்டிலுள்ள முத்திரை எழுத்து. கூட்டிலும் பொறியின் தொடரிலக்கமே பல வேளைகளிற் பொறிக்கப்பட்டிருக்குமாதலின், இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சியாகின்றன. குறித்ததொரு வணிகரின் இத்தனையாவது கடிகாரம் இந்த ஆண்டிலே செய்யப்பட்டது என்று துணிய இவ்வாறே முடிகின்றது. பொறியை மாற்றிய கணமே அச்சாட்சி பொய்ச்சாட்சியாகின்றது. 1840க்குரிய பொறி 1865க்குரிய கூட்டினுட் சென்று அமர்ந்துவிட்டால், அதனைக் கண்டு ஆராயும் பிற்கால மாணவன் ஒருவன் கால் நூற்றாண்டுத் தவறொன்றை உண்மையென எழுதிவைப்பான்.

இனி, மாற்றுப்பொறி பொருந்துமா என்னும் நடைமுறை வினாவுக்கு வருதல் தகும். ஆங்கிலப் பொறியொன்று கூட்டினுள்ளே பிணைச்சல் ஒன்றினால் இணைக்கப்பட்டுக் கதவுபோல வெளியே திறப்பது வழக்கம். அப்பிணைச்சலின் இடம், தகட்டின் விட்டம், பொறியின் உயரம், தூசுமூடியின் வடிவு, சாவித்துளையின் இடம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பொறிக்கென அளந்து செய்யப்பட்டவை. லங்காஷயர்த் தொழிலாளர் அங்குலத்தின் முப்பதிலொரு பங்கை அலகாகக் கொண்ட அளவுமுறையைக் கையாண்டனர் என்பது உண்மையே. ஆயினும் அளவு ஒன்றாயிருத்தல் வேறு, பொருத்தம் ஒன்றாயிருத்தல் வேறு. ஒரே அளவினவாகிய இரு பொறிகளின் சாவிமுனைகள் இரு வேறிடங்களில் நிற்கும்.

ஆகவே மாற்றுப்பொறி வைப்போர் செய்வது யாது? புதிதாக வந்த பொறியின் தகட்டோரத்தை அரத்தால் அராவுகின்றனர். பழைய பிணைச்சலை உருக்கி அகற்றுகின்றனர். கூட்டின் உள்மூடியிலே புதுத் துளையிட்டுப் பழைய துளையை அடைக்கின்றனர். இவற்றுள் எதுவும் மீளச் சரிசெய்யத்தக்கதன்று. பழம்பொருள் பேணுவோர் பொதுவாக ஏற்றுக்கொண்ட நெறி, செய்யும் திருத்தம் எதுவாயினும் பின்னர் நீக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது. அராவிய பித்தளை மீண்டும் வளர்வதில்லை.

இக்கண்டனத்துக்கு எதிராக மாற்றுப்பொறியாளர் கூறும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவதே நேர்மை.

முதலாவது வாதம் அமெரிக்காவை எடுத்துக்காட்டுவது. ஆரன் டெனிசன், எட்வேட் ஹவார்ட் முதலியோர் 1850இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் றொக்ஸ்பரியிலே தொடங்கி, 1854இல் வோல்தம் நகருக்குக் கொண்டுசென்ற தொழிற்சாலை இயந்திரங்களாற் பொறிகளைச் செய்தது. 1864இல் எல்ஜின் நிறுவனம் தோன்றிற்று. அதன் முதற் கடிகாரம் 1867இல் வெளிவந்தது. இந்நிறுவனங்களின் பொறிகள் திட்டமான அளவுகளிலே செய்யப்பட்டன. பெருவழக்காயிருந்த பதினெட்டாம் அளவுப் பொறியின் விட்டம் ஏறத்தாழ 44.9 மில்லிமீற்றர். பொறியைத் தனியாகவும் கூட்டைத் தனியாகவும் வாங்கிய நகை வணிகர், வாடிக்கையாளர் விரும்பியவாறு இரண்டையும் பொருத்திக் கொடுத்தனர். அவ்வாறாயின், மூலக் கூடு என்பதே இல்லாதவிடத்து மாற்றம் என்று எதனைக் கூறுவது என வினவுகின்றனர்.

இவ்வாதத்தில் உண்மையுண்டு, அதனை மறுக்கவேண்டியதில்லை. பதினெட்டாம் அளவான வோல்தம் பொறியொன்றை அதேயளவும், அதே முறுக்குமுறையும், அதே காலமும் கொண்ட கூட்டினுள் அமைத்தல், அக்கடிகாரம் தோன்றிய முறைக்கு முரண்பட்டதன்று. எனினும் இவ்விதிவிலக்கைக் காட்டி விதியையே தள்ளிவிட முடியாது. அமெரிக்க முறையானது ஆங்கில முறைக்கு மாறாக எழுந்தது. இங்கிலாந்திலே இயந்திரமுறையைப் புகுத்துவதற்குப் பியர் பிரெடெரிக் இங்கோல்ட் என்னும் சுவிற்சர்லாந்தினர் முயன்றபோது, கடிகாரத் தொழிலினர் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். அவர் சார்ந்த கம்பனிக்கான மசோதா 1843இலே பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. தங்கள் பொறிகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாதலைத் தாமே எதிர்த்தவர்களின் படைப்பை, மாற்றத்தக்கது எனக் கொண்டு கையாளுதல் வரலாற்றறிவின்மையாகும்.

இன்னொன்றும் இங்கு கூறத்தக்கது. பாகங்களை மாற்றத்தக்கனவாகச் செய்தோரின் நோக்கம் யாது? ஒரு பாகம் பழுதானால் அப்பாகத்தை மட்டும் மாற்றிப் பொறியைக் காத்தல் என்பதே. பொறியின் தொடரிலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதினால் உரிய பாகம் வந்துசேரும் என்பதையே அந்நிறுவனங்கள் தம் சிறப்பாகக் கூறின. ஆகவே அமெரிக்க உதாரணம் முழுப்பொறியைத் தூக்கியெறிவோருக்குத் துணைநிற்கவில்லை. அவர்களுக்கு எதிராகவே நிற்கின்றது.

இரண்டாவது வாதம் இரக்கத்தின் குரலிலே பேசுவது. உலகெங்கும் கூடிழந்த பொறிகள் ஆயிரக்கணக்கிற் கிடக்கின்றன. அவற்றுக்குக் கூடு கொடுத்து வாழ்வளிப்பது தவறா என்பது அதன் சாரம். கூடிழந்த பொறிகள் உண்டு என்பது மெய்யே. அவை எவ்வாறு கூடிழந்தன என்பதே கேட்கவேண்டிய வினா. 1931 செப்ரெம்பரிலே பிரித்தானியா பொன் நாணய நியமத்தைக் கைவிட்டதும் பொன்னின் விலை ஏறிற்று; வீடுகளிலிருந்த பொற்கடிகாரங்கள் உருக்குலைக்குச் சென்றன. 1980 சனவரியில் பொன் அவுன்சு ஒன்றுக்கு 850 டொலரையும், வெள்ளி ஏறத்தாழ 50 டொலரையும் தொட்டபோது அதுவே மீண்டும் நிகழ்ந்தது. 2020 ஓகஸ்டில் பொன் 2,000 டொலரைக் கடந்தது. அதன் பின்னும் ஏறிற்று. விலை ஏறுந்தோறும் கூடுகள் உருகுகின்றன. பொறிகள் தகரப் பெட்டிகளிற் கொட்டப்படுகின்றன.

அநாதைகளை ஆக்கியதும் சந்தை. அவற்றுக்கு இரங்குவதும் அதே சந்தை. கூடிழந்த பொறிக்குக் கூடு தேடுவோர் வெறுங் கூட்டையா காண்கின்றனர்? வெறுங் கூடு கிடைப்பது அரிது. ஆகவே பழுதான பொறியோடு கூடிய கடிகாரமொன்றை வாங்கி, அதன் பொறியை வெளியேற்றிவிட்டு, ஓடும் பொறியை உள்ளே வைக்கின்றனர். ஓர் அநாதைக்கு வீடு கிடைத்தது. அவ்வீட்டிலிருந்த பிள்ளை தெருவுக்கு வந்தது. அநாதைகளின் தொகை ஒன்றேனும் குறைந்ததா? குறையவில்லை. இரக்கம் என்னும் சொல் இங்கு வாணிகத்துக்கு இட்ட போர்வையாகவே உள்ளது.

கூடிழந்த பொறி மதிப்பிழந்ததுமன்று. கோட்னி இல்பேட் என்பார் சேகரித்து, 1958இலே பிரித்தானிய நூதனசாலை பெற்றுக்கொண்ட பெருந்தொகுதியிற் கூடில்லாப் பொறிகளும் உண்டு. அவை பொறிகளாகவே பதிவு பெற்றுப் பொறிகளாகவே பேணப்படுகின்றன. எவரும் அவற்றுக்குப் பொய்க் கூடு தேடி அலையவில்லை. இதற்கு மறுதலையாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பழைய வேர்ஜ் கடிகாரங்களின் சமனிலைச் சக்கரத்தை மூடிநின்ற, கைவேலைப்பாடு மிக்க பித்தளைத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்துக் கழுத்தணிகளாக்கினர். அன்று அதனைச் செய்தோரும் வீணாகக் கிடந்ததற்கு வாழ்வளித்ததாகவே எண்ணியிருப்பர். இன்று கைக்கெட்டுவது அழகிய துண்டுகளேயன்றிக் கடிகாரங்களல்ல.

மூன்றாவது வாதம் உள்ளத்தைத் தொடுவது. ஆகையால் மிகுந்த கவனத்தோடு ஆராயத்தக்கது. பாட்டனாரின் கடிகாரம் பேரனிடம் வந்துள்ளது. அது நின்றுவிட்டது. அதன் ஒலியை மீண்டும் கேட்க விரும்புகின்றான் பேரன். திருத்துவதற்குச் செலவு மிகுதி, திருத்துநரோ அரியர். மாற்றுப்பொறி மலிவு. உடைமையாளன் தன் பொருளைத் தான் விரும்பியவாறு செய்வதற்கு எவர் தடை கூறலாம்?

தடை கூறுவது இங்கு நோக்கமன்று. ஆனால் ஒன்று கேட்கலாம். பொறி மாறிய பின்னர் அவன் கேட்கும் ஒலி எவருடைய கடிகாரத்தின் ஒலி? பாட்டனார் ஒவ்வோர் இரவும் முறுக்கிய வில் அதிலில்லை. அவர் காதிலே வைத்துக் கேட்ட சக்கரம் அதிலில்லை. அந்நியர் ஒருவரின் கடிகாரம் பாட்டனாரின் சட்டையை அணிந்துகொண்டு ஓடுகின்றது. ஓடாத மூலப்பொறியை வைத்திருப்பவன் குறைந்தது உண்மையையாவது வைத்திருக்கின்றான்.

பொறியினுள்ளே என்ன இருக்கின்றது என்பதை உடைமையாளனே அறியாதிருத்தல் கூடும். இதற்கு ஆபிரகாம் லிங்கனின் கடிகாரத்தினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அவர் 1850களிலே இலினோய் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்டில் வாங்கிய பொற்கடிகாரம் அது. பொறி லிவர்ப்பூலிலே செய்யப்பட்டது. 1861 ஏப்ரிலில் அது வாஷிங்ரனிலே திருத்துவதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சம்ரர் கோட்டை தாக்கப்பட்டு உள்நாட்டுப் போர் மூண்ட செய்தி வந்தபோது அக்கடிகாரம் ஜொனதன் டில்லன் என்னும் திருத்துநரின் கையில் இருந்தது. முகப்பின் கீழ் மறைந்த தகட்டிலே அவர் சில வரிகளைக் கீறிவிட்டு, முகப்பை மூடிக் கடிகாரத்தைத் திருப்பியனுப்பினார். லிங்கன் அதனை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை.

1906இலே, முதுமையடைந்த டில்லன் இந்நிகழ்ச்சியை நியூயோர்க் ரைம்ஸ் செய்தித்தாளுக்குக் கூறினார். அடிமைமுறை இறந்துவிட்டது என்று தாம் பொறித்ததாக அவர் நினைவுகூர்ந்தார். கடிகாரம் பின்னர் வாஷிங்ரனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2009 மார்ச்சிலே அதன் முகப்பு கழற்றப்பட்டபோது டில்லனின் எழுத்து வெளிப்பட்டது. ஏப்ரில் 13 எனத் தேதியிட்டு, சம்ரர் கோட்டை கிளர்ச்சியாளராற் தாக்கப்பட்டதையும், நாட்டுக்கு ஓர் அரசாங்கம் உண்டென்பதற்கு இறைவனுக்கு நன்றி செலுத்துவதையும் அவர் எழுதியிருந்தார். அடிமைமுறை பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. 1864ஆம் ஆண்டுக்குரிய வேறொருவரின் பெயரும் அங்கே காணப்பட்டது.

இங்கு சிந்திக்கத்தக்கது யாதெனில், டில்லன் பொய்யுரைத்தார் என்பதன்று. நாற்பத்தைந்து ஆண்டுகள், போரின் முடிவையும் அடிமைமுறையின் ஒழிப்பையும் கண்ட ஒருவரின் நினைவை மாற்றியிருந்தன. போர் தொடங்கிய கணத்திலே தலைநகரின் தொழிலாளி ஒருவர் அரசாங்கம் நிலைக்குமா என்பதையே எண்ணினார் என்பதனை நினைவு மறந்தது, பித்தளை மறக்கவில்லை. இடையிலே ஒரு நகை வணிகர் அப்பொற்கூட்டுக்கு ‘நன்றாக ஓடும்’ பொறியொன்றை வைத்திருந்தால், எஞ்சியிருப்பது 1906ஆம் ஆண்டின் செய்தித்தாட் கூற்று மட்டுமே. கூடு அதே பளபளப்புடன் இருந்திருக்கும்; லிங்கனின் கடிகாரம் என்ற பெயரும் இருந்திருக்கும்; சான்று இருந்திராது.

லிங்கனின் கடிகாரம் அரியது, ஏனையவை எளியவை என்று கூறித் தப்பிக்க இயலாது. சாதாரணக் கடிகாரங்களின் முகப்புக்களின் கீழே என்ன உண்டு என்பது முகப்பைத் திறந்து பார்க்கும்வரை தெரியாது. எளியோரின் எழுத்து எளிய பொருள்களிலேயே எஞ்சும். அரசரின் கடிகாரத்துக்குக் காவல் உண்டு. கொவென்றித் தொழிலாளியின் முத்திரைக்குக் காவல் இல்லை. ஆகவே பிந்தியதே மிகுந்த கவனத்துக்குரியது.

தமிழ் பயில்வோருக்கு இந்நெறி புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1894இலே புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267ஆம், 268ஆம் பாடல்கள் ஏடுகளிலே கிடைக்கவில்லை. வேறு பாடல்களிலும் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்கள் வெற்றிடங்களாகவும் புள்ளிகளாகவும் விடப்பட்டன. நானூறு என்னும் தொகையை நிரப்புவதற்காகப் பிறிதொரு தொகை நூலிலிருந்து இரண்டு பாடல்களைப் பெயர்த்து வைத்திருந்தால் நூல் ‘ஓடியிருக்கும்’. அதே திணை, அதே துறை, அதே அடியளவு கொண்ட பாடல்கள் கிடைத்திரா என்பதில்லை. அவ்வாறு செய்யாமையினாலேயே அப்பதிப்பு அறிஞரின் நம்பிக்கையைப் பெற்றது. சிதைந்த அடியை ஒப்புநோக்கித் திருத்துதல் பதிப்பாசிரியன் கடமை. திருத்த இயலாதவிடத்து இடைவெளியை இடைவெளியென்றே காட்டுதல் அவன் நேர்மை. ஏட்டுக்கு உரிய இந்நெறி பித்தளைக்கு உரியதாகாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அவ்வாறாயின் நின்றுபோன சாவிக் கடிகாரத்தை என்செய்வது? விடை கடினமன்று, உழைப்பை வேண்டுவது மட்டுமே. சுருள்வில் முறிந்தால் புதுவில் இடலாம். அது அக்காலத்திலும் அடிக்கடி மாற்றப்பட்ட பாகமே. பியூசிச் சங்கிலி அறுந்தால் பழுதான இணைப்பை நீக்கி மறுபடியும் தறையலாம். சமனிலைச் சக்கரத்தின் அச்சுமுனை முறிந்தால் கடைசற்பொறியிலே புது அச்சைக் கடைந்தெடுக்கலாம். வெடித்த கல்லுக்கு வேறு கல் பதிக்கலாம். இவை யாவும் அறியப்பட்ட கைத்திறன்கள். பிறேகேயின் கடிகாரங்களைத் திருத்திப் புகழ்பெற்ற ஜோர்ஜ் டானியல்ஸ் என்னும் ஆங்கிலேயர், கடிகாரம் ஒன்றின் பாகங்களனைத்தையும் ஒருவர் கையினாலேயே செய்யலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே செய்து காட்டினார். 1981இலே அம்முறைகளை நூலாகவும் எழுதி வைத்தார். எனவே, இயலாது என்பது செலவுக்கு அஞ்சுவோரின் சொல்.

செலவு மெய்யான தடையென்பதை மறுத்தல் கூடாது. திருத்தும் செலவு கடிகாரத்தின் சந்தை விலையைக் கடந்துவிடுவது உண்டு. அந்நிலையிலே கடிகாரத்தை ஓடாதபடியே வைத்திருத்தல் தோல்வியன்று. நேரம் காட்டுவதற்கு வேறு கருவிகள் எத்தனையோ உள்ளன. எவரும் நேரம் அறியும்பொருட்டுச் சாவிக் கடிகாரத்தை நாடுவதில்லை. நின்ற கடிகாரம் தன்னைச் செய்தோரைப் பற்றிக் கூறவேண்டிய அனைத்தையும் கூறிக்கொண்டேயிருக்கும். பின்னொருநாள் பொருளும் திறனும் உடைய ஒருவர் அதனைத் திருத்துவதற்கும் வழி திறந்திருக்கும். மாற்றுப்பொறி அவ்வழியை அடைத்துவிடுகின்றது.

இவ்வளவும் கூறிய பின்னரும் மாற்றியே தீருவேன் என்பார் இருப்பின், அவர் கடைப்பிடிக்கவேண்டியன மூன்று. கூட்டிலும் பொறியிலும் அரமோ துளைப்பொறியோ படலாகாது. அவ்வாறன்றிப் பொருந்தாதது பொருந்தாததே. அகற்றிய மூலப்பொறி கடிகாரத்தோடு சேர்த்தே பேணப்படல் வேண்டும். எந்தப் பொறி, எந்த எண், எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை எழுதிக் கூட்டுடன் வைத்தல் வேண்டும். விற்கும் வணிகர் இதனை வாங்குவோருக்கு வெளிப்படையாகக் கூறுதல் கடமை. கூறாது விற்பவர் திருத்துநருமல்லர், சேகரிப்போருமல்லர். அவர் செயலுக்கு வழக்கிலுள்ள பெயர் மோசடி.

பொருளை அதன் பயனால் மட்டும் அளக்கும் நோக்கு, அப்பொருளை ஆக்கிய மனிதரையும் அவ்வாறே அளக்கும். ஓடினால் வைத்துக்கொள், நின்றால் மாற்று என்னும் கட்டளை முதலிலே தொழிற்சாலையில் மனிதருக்கு இடப்பட்டது. கிறைஸ்ட்சேர்ச்சின் சிறுமியர் கண்ணொளி மங்கியபோது அவர்கள் இடத்துக்கு வேறு சிறுமியர் வந்தனர்; அவர்களின் பெயர்கள் எச்சங்கிலியிலும் இல்லை. அவர்கள் தறைந்த இணைப்புக்களேனும் அவை தறையப்பட்ட பொறியிலே, அப்பொறி அதற்கென அமைந்த கூட்டிலே, இருக்கவேண்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். பழங்கடிகாரங்களைக் கையாளுவோரிடம் வேண்டப்படுவது இவ்வளவே.